சர்வருக்கு ஆயுத பூஜை

செப்டம்பர் 10, புதன்

இந்த டைரி 2019-ஆம் வருஷத்தது. பம்ப்செட் கம்பெனிக்காரர்கள் எனக்கென்று தனியாக அனுப்பிவைத்தது. பட்டறையில் இதேபோல் இன்னும் பதினாறு கிடக்கின்றன, அது வேறு விஷயம். கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொண்டால் எந்த வருஷத்துக்கும் ஓடும்.

பெயர் நாச்சிமுத்து. அன்னூரில் மோட்டார் ரீவைண்டிங். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு லட்சம் மோட்டார் கட்டியிருப்பேன். நேற்று இதைச் சொன்னதும் வாணி போனில் கணக்குப் போட்டுவிட்டு, "ஒரு நாளைக்கு ஏழு மோட்டாருங்களா மாமா? ஞாயித்துக்கெழமையும் சேத்தியா?" என்றாள். சேர்த்துத்தான் என்றேன்.

வாணி என் அக்கா மகள். கோயமுத்தூர் சரவணம்பட்டியில் வீட்டிலிருந்தபடியே சாஃப்ட்வேர் வேலை. அக்கா சின்னவளின் பிரசவத்துக்கு பெங்களூர் போய்விட்டதால், வாணிக்குத் துணையாக நான் சனிக்கிழமை வந்து சேர்ந்தேன். வந்த இடத்தில் சும்மா இருப்பானேன் என்று திங்கட்கிழமை வலது கண்ணில் புரை ஆபரேஷனும் செய்துகொண்டேன். இப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததே இல்லை என்றார் டாக்டர். சொட்டு மருந்து ஆறு வேளை. வாணிதான் போட்டுவிடுகிறாள். நான் துணைக்கு வராவிட்டால் பாவம், அவள் என்ன செய்வாள்.

செப்டம்பர் 11, வியாழன்

டிவி ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. செட்டாப் பாக்ஸ் என்று நினைத்திருந்தேன். சர்வராம். வாணியின் சொந்த சர்வர். குடும்பத்தில் எல்லோருடைய போட்டோக்களும், அவள் வேலைக் குறிப்புகளும், ஒரு விளையாட்டும் அதற்குள் இருக்கின்றன.

"எல்லாரும் போட்டோவக் கொண்டுபோயி முகந்தெரியாத கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர்ல வெக்கறாங்க மாமா. நாளைக்கு அவன் கதவச் சாத்திட்டா யாரப் போயிக் கேக்கறது? என்ற பொருளு என்ற ஊட்லயே இருக்கோணும்."

எனக்கு உடனே பிடிபட்டது. ஊர்க்குழாயை நம்பாமல் சொந்தமாக போர் போடுவது மாதிரி. சொன்னேன்.

"அதேதானுங்க. மோட்டார் எரிஞ்சா நாமளே எறங்கித் தூக்கோணும், அதும் அதேதான்" என்றாள்.

எதையும் மூன்று காப்பி வைக்க வேண்டுமாம். இரண்டு இங்கே, ஒன்று வேறு ஊரில். வீடே எரிந்தாலும் ஒன்று மிஞ்சும். அந்த மூன்றாவது காப்பி இருப்பது அன்னூரில், என் வீட்டில். சித்திரையில் அவளே வந்து என் பீரோவுக்கு மேலே ஒரு சின்னப் பெட்டியை வைத்து வயரைச் சொருகிவிட்டுப் போனாள். தினமும் இங்கிருந்து அங்கே தானாக நகல் போய்விடும். அரசாங்க ஆவணங்கள் என் பொறுப்பில் இருப்பதாகத் தெருவில் சொல்லியிருக்கிறேன். பொறுப்பான சமாச்சாரம் என்பதால் ஊரிலிருந்து கிளம்பும்போது வீட்டைப் பூட்டி, மெயினை ஆஃப் செய்து, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டுதான் வந்தேன். ஒரு பொறி பறக்க வழியில்லை.

செப்டம்பர் 13, சனி

சமையல் நான். வாணி சாப்பிட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. அசந்துபோய்விட்டாள். ரசத்தில் உப்பில்லை என்று பிறகு தெரிந்தது.

என் மகன் பூபதி மஸ்கட்டில் இருக்கிறான். ஏ.சி. துறையில் மிகப் பெரிய இடம். அவனுக்குப் பேச நேரம் கிடைப்பதில்லை. மூன்று வருஷமாகக் கிடைக்கவில்லை. கோபி பக்கம் முடிவான ஒரு சம்பந்தம் நிச்சயத்தன்று நின்றுபோனது. பெண் வீட்டார் பொறாமை பிடித்தவர்கள். அதற்குப் பிறகுதான் அவனுக்கு வேலை அதிகமாகிவிட்டது.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று முழுவதும் வாணிக்குப் பின்னால் நாற்காலி போட்டு அவள் வேலையை மேற்பார்வை பார்த்தேன். இந்தத் தொழிலை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர்கள் ஜில்லாவிலேயே குறைவு. காலையிலிருந்து எழுதினாள். மதியத்துக்குமேல் நானூறு வரியை அழித்தாள். அழித்துவிட்டு இஞ்சி தட்டிப்போட்டு டீ வைத்துச் சந்தோஷமாகக் குடித்தாள்.

"ஏங்கண்ணு, எழுதுனாத்தான சம்பளம்?"

"அழிக்கறதுக்குத்தான் மாமா அனுபவம் வேணும். இல்லாத வரியில தப்பு வராது பாருங்க."

கொஞ்சம் மாற்றினால் உடனே சோதித்துப் பார்ப்பது அவள் வழக்கம். அவள் எழுதியதை இன்னொரு ஊரிலிருக்கும் ஒரு பெண் படித்து, சரி என்று சொன்னால்தான் வெளியே போகும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் கடவுளே வந்து கேட்டாலும் எதையும் வெளியே விடமாட்டாளாம். ஏதாவது கெட்டால் சனியும் ஞாயிறும் போய்விடும். நானும் அப்படித்தான் என்றேன். மெக்கர் வைத்து மின்கசிவு பார்க்காமல் ஒரு மோட்டாரும் என் பட்டறைப் படி இறங்கியதில்லை. இரண்டு இறங்கியிருக்கின்றன, அவை அவசரம்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. அதுதான் எனக்குப் புரியவில்லை. ஏதாவது உடைந்தால் யார் உடைத்தது என்று கேட்கமாட்டார்களாம்.

"என்ன நடந்துச்சுன்னு நேரத்தோட எழுதுவோம். அப்பறம் ஏன், ஏன்னு அஞ்சு தடவ கேப்போம். மொதல் ஏனுக்கு எல்லாரும் எதையாச்சும் சொல்லிருவாங்க. அஞ்சாவதுலதான் உண்ம வரும்."

"ஒடச்சவனத் திட்டறதில்லையா?"

"திட்டுனா அடுத்த தடவ பொய் சொல்லுவாங்க மாமா."

சம்பளம் நன்றாக இருந்தாலும் எனக்கு ஒத்துவராத தொழில் என்று தோன்றியது.

செப்டம்பர் 18, வியாழன்

சொட்டு மருந்து நான்கு வேளையாகக் குறைந்திருக்கிறது. பொழுது போகவில்லை என்றதற்கு வாணி அந்த விளையாட்டைத் திறந்து கொடுத்தாள். சொந்தக்காரர்களும் சிநேகிதர்களுமாக ஒன்பது பேர் அதில் இருக்கிறார்கள். ஒரு பெரிய ஊர். மண், கல், மரம் எல்லாம் சதுரக் கட்டை. வெட்டலாம், அடுக்கலாம். ஊருக்குப் பெயர் கட்டையூர். எனக்குப் பெயர் மாமா1.

"இதுல செயிக்கறது எப்பிடி?"

"செயிக்கறதெல்லாம் இல்லீங்க மாமா. கட்டீட்டே இருக்கலாம். நீங்க போனதுக்கப்பறமும் நீங்க வெச்ச கல்லு அங்கயே இருக்கும். அதான் எனக்குப் புடிச்சது. சுட்டுத் தள்ளுற வெளையாட்டெல்லாம் முடிஞ்சதும் கையில ஒண்ணும் மிஞ்சறதில்ல."

அரை மணி நேரத்தில் அத்தனையும் கற்றுக்கொண்டேன். இத்தனை வேகமாகக் கற்றவர் உலகத்தில் இல்லை. மூன்று தடவை ஆற்றில் விழுந்தேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

காலை பதினோரு மணிக்கு கட்டையூருக்குள் இன்னொருவன் வந்தான். தலைக்குமேல் பெயர் எழுதியிருக்கிறது: கூலிங். வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவானாம். அவன் இருக்கும் நாட்டில் வெள்ளிதான் விடுமுறை.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவன் ஒரு வீடு கட்டிவைத்திருக்கிறான். இரண்டு வருஷமாகக் கட்டுகிறானாம். சுற்றிப் பார்த்தேன். வடக்குச் சுவரில் ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் முகத்துக்கு நேரே பக்கத்துச் சுவர். காற்றும் வராது, வெளிச்சமும் வராது. அப்படி ஒரு ஜன்னல் வைத்த மனிதன் பூமியில் ஒருவன்தான் உண்டு. அன்னூரில், என் வீட்டில், 1998-இல், கொத்தனார் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், இது வாஸ்து என்று சொல்லி வைத்தான். அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவனும் ஒருவன்தான்.

கூலிங் யார் என்று வாணியை நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. துணி காயப்போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள்.

வாசலில் ஒரு கம்பம் இருந்தது. போர்டு மாட்டும் கம்பம். போர்டு இல்லை. நான் மைக்கில் பேசினால் அது எழுத்தாகப் போகும். அவன் தட்டினால் இங்கே எழுத்தாக வரும்.

"வாசலில் போர்டு எங்கே" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"எப்போது?"

"நேத்து, அதுக்குன்னே வந்து. மாமா1 வந்திருக்குன்னு வாணி சொன்னா." அடுத்த வரியில், "கண்ணு எப்படி இருக்கு?"

"கழுகுக் கண்" என்றேன். கண் விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

காலை பத்து மணிக்கே போய் வாசலில் நின்றேன். கூலிங் பதினொன்றேகாலுக்கு வந்தான். நானும் அவனுமாக ஆற்றங்கரையில் ஒரு பம்ப் ரூம் கட்டினோம். மோட்டார் கிடையாது, ரூம் மட்டும். அங்கிருந்து அவன் வீடு வரைக்கும் வாய்க்கால். நான் வெட்ட வெட்ட அவன் கல் பதித்தான்.

"எடது பக்கம் ஒரு கட்டை எறக்குங்க." "மண்ணு இருக்கா?" "இருக்கு." "கொஞ்சம் குடுங்க."

இரண்டு மணி நேரத்தில் இவ்வளவுதான் பேச்சு. வாய்க்கால் நீளம் இரண்டு மைல் இருக்கும். எண்ணிப் பார்த்ததில் நூற்றுப்பன்னிரண்டு கட்டை.

மதியம் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

வாணி, அக்காவையும் குழந்தையையும் பார்க்க தன் காரில் பெங்களூர் கிளம்பினாள். வெள்ளிக்கிழமை வருவாள். சொட்டு மருந்து நானே போட்டுக்கொள்வேன் என்றேன். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "மாமா, அந்தப் பெட்டியில மட்டும் கைய வெக்காதீங்க" என்றாள்.

"கண்ணு, என்ற ரத்தத்துலயே கரண்ட் ஓடுது. சர்டிபிகேட்தான் இல்லை, மத்தபடி எலக்ட்ரிக்கல் இன்ஜினியர்தான்."

"அதுக்குத்தானுங்க மாமா சொல்றேன்" என்றாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை.

இந்த வீட்டில் ஆயுதம் என்று சொல்ல என்ன இருக்கிறது என்று காலையில் எழுந்ததும் யோசித்தேன். அரிவாள்மனை, ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, வாணியின் ஸ்கூட்டர். முக்கியமான ஆயுதம் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வருஷம் முழுக்க ராத்திரி பகல் உழைக்கும் ஜீவன். அதற்கு ஒரு பொட்டுக்கூட வைக்காமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருப்பதில்லை.

எங்கள் பட்டறை முறைப்படியே செய்தேன். அன்றைக்கு ஆயுதம் ஓடக்கூடாது, துடைத்து வைக்க வேண்டும், விஜயதசமியன்று எடுக்க வேண்டும். பத்து நாற்பதுக்கு பிளக்கைப் பிடுங்கினேன். பக்கத்தில் ஒரு யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. அதையும் அமைதிப்படுத்தினேன். ஈரத்துணியால் பெட்டியையும், அதோடு ஒட்டியிருந்த சின்னப் பெட்டியையும் நன்றாகத் துடைத்தேன். காற்றுப் போகும் ஓட்டைகளில் ஒரு வருஷத்துத் தூசி. துணியை முறுக்கி விட்டு எடுத்தேன். சந்தனம் கரைத்து நான்கு பக்கமும் பொட்டு. மேலே குங்குமம். செவ்வந்தி மாலை. முன்னால் பொரி, கடலை, வெல்லம், வாழைப்பழம். வாசலில் பூசணிக்காய் உடைத்தேன்.

போட்டோ எடுத்தேன். சர்வர் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வாணிக்கு இப்போது அனுப்பவில்லை. வந்து பார்த்து அசரட்டும்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து சுவிட்சைப் போட்டேன். பெட்டி ஓடவில்லை.

மறுபடி போட்டேன். ஒரு தடவை சிவப்பாகக் கண் சிமிட்டியது. லேசாகச் சந்தன வாசம் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

நேற்று மதியம் சரவணம்பட்டியில் பயங்கர இடி. இதை இங்கே குறித்துவைக்கிறேன். வீடே அதிர்ந்தது. லைனில் ஹை வோல்டேஜ் வந்து பல்பெல்லாம் சூரியன் மாதிரி எரிந்தது. இப்படிப்பட்ட இடியில் எந்த சர்வரும் தாங்காது.

மாலையையும் பொட்டையும் எடுத்துவிட்டேன். பொரியைச் சாப்பிட்டேன். போட்டோவை அழித்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

பதினோரு மணி. கட்டையூர் இல்லை.

மதியம் வாணி வந்தாள். இடியைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டினாள். குழுவில் இருக்கும் ஒன்பது பேருக்கும், "இடி விழுந்து சர்வர் நின்றுவிட்டது, பார்க்கிறேன்" என்று போனில் செய்தி போட்டாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. கூலிங்கிடமிருந்து. வாணி சத்தமாகப் படித்தாள்.

"அன்னிக்கு கோயமுத்தூர்ல மழையே இல்லியே. இடி எப்படி வந்துச்சு?"

நான் சொட்டு மருந்தைத் தேடப் போனேன்.

திரும்பி வந்தபோது வாணி பெட்டியைக் கழற்றிப் பரப்பியிருந்தாள். உள்ளே ஈரம் காய்ந்த தடம். காற்றாடி இறக்கையில் மஞ்சளாக என்னவோ. அவள் அதை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தாள்.

"மாமா, இடியில சந்தனம் வருமுங்களா?"

அபூர்வமாக வரும் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. டிரேயில் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். இங்கிருந்த இரண்டு காப்பிகளும் போய்விட்டன, ஒன்றில் தண்ணீர், ஒன்று எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்க் கெட்டுவிட்டது என்றாள்.

"பரவால்லீங்க. அன்னூர்ல ஒண்ணு இருக்குது. அதுக்குத்தான மூணு."

மெயின் விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். தண்ணீர் தாகமாக இருந்தது.

சாயங்காலம் கூலிங்கிடமிருந்து இன்னொரு செய்தி. இதை வாணி படிக்கவில்லை. போனை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுப் போனாள். இடது கண்ணால் படித்தேன்.

"என்ன நடந்துச்சுன்னு உண்மையான ரிப்போர்ட் வரட்டும். அப்புறம் நான் வரேன். இல்லைன்னா வேண்டாம்."

அக்டோபர் 4, சனி

வாணியின் காரில் அன்னூர் போனோம். கோவில்பாளையத்தில் இளநீர் குடித்தோம். நான் வாங்கிக் கொடுத்தேன். இதில் மிகை எதுவும் இல்லை.

வீட்டைத் திறந்ததும் வாணி சுவிட்சைத் தட்டினாள். எரியவில்லை. மெயின் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எப்பங்க மாமா ஆஃப் பண்ணீங்க?"

"பாதுகாப்புக்குத்தான் கண்ணு."

"எப்ப?"

"கெளம்புன அன்னிக்கு. ஆறாந்தேதி."

பீரோவுக்கு மேலிருந்த சின்னப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள். பிறகு, வடக்கு ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்.

"போட்டோவெல்லாம் அவங்கவங்க போன்ல இருக்கும், திரும்ப வாங்கிக்கலாம். கட்டையூர்தான் மாமா. செப்டம்பர் ஆறுக்குப் பொறவு கட்டுனது எதுவும் இல்ல."

நான் கட்டையூருக்குள் போனது செப்டம்பர் பதினெட்டு. ஆக, பம்ப் ரூம் இல்லை. வாய்க்கால் இல்லை. நூற்றுப்பன்னிரண்டு கட்டை.

"மறுபடி கட்டிக்கலாம், அது ஒரு நாள் வேல" என்றேன்.

"வருவானுங்களா?" என்றாள்.

யார் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

புதுப் பெட்டி ஒன்றைத் தயார் செய்து, மாலை நான்கு பத்துக்குக் கட்டையூரை ஓடவிட்டாள். செப்டம்பர் ஆறாம் தேதிக் கட்டையூர். ஆறு அப்படியே போகிறது. கரையில் வெறும் புல்.

கூலிங் வீட்டு வாசலுக்குப் போனேன். கம்பத்தில் போர்டு இருந்தது. அவன் முன்பு எடுத்துவிட்டதாகச் சொன்ன போர்டு. பழைய நகலோடு சேர்ந்து அதுவும் திரும்பி வந்துவிட்டது.

"பொய் பேசறவங்க உள்ளே வர வேண்டாம்."

பொதுவாக எழுதியிருக்கிறான். ஊரில் எத்தனையோ பேர் வருவார்கள் போவார்கள். வாசலுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

"நடந்தத நீங்களே எழுதிக் குடுங்க மாமா. நான் குழுவுல போடறேன்" என்றாள் வாணி.

பதினோரு பக்கம் எழுதினேன். நவராத்திரியின் வரலாறு, கோவையில் மின்சாரம் வந்த கதை, நான் கட்டிய நூறு குதிரைசக்தி மோட்டார் எல்லாம் வந்துவிட்டன. அவள் வேலை நேரத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் படித்தாள். பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே போனாள். அன்றைக்கு நானூறு வரி அழித்தாளே, அதே முகம். கடைசியில் மிஞ்சியது ஒரு வரி: புதன்கிழமை 10.40-க்கு பிளக்கைப் பிடுங்கினேன்.

"இது நல்லாருக்குதுங்க. இங்கிருந்து ஆரம்பிங்க" என்றாள்.

அவள் பங்கை அவளே எழுதிக் கொடுத்தாள். அன்னூருக்கு நகல் போகவில்லை என்று இருபத்தைந்து நாளாக அவளுக்கு எச்சரிக்கை மெயில் வந்துகொண்டிருந்ததாம். திறந்தே பார்க்கவில்லையாம். அந்த நகலிலிருந்து திருப்பி எடுக்க முடியுமா என்று ஒரு தடவைகூடச் சோதித்ததில்லையாம். தன் தப்பைத் தானே இப்படி முதல் ஆளாகப் போட்டுக்கொண்டால் மற்றவர்களுக்கு எவ்வளவு சங்கடம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

எழுதவில்லை. தோசைக்கு அரைத்தேன்.

அக்டோபர் 8, புதன்

காலையில் எழுதி முடித்தேன். வாணி எதையும் அடிக்கவில்லை. இரண்டு தடவை படித்தாள். "இத அப்படியே போட்டுரட்டுங்களா?" என்று கேட்டாள். போடு என்றேன். நகலை இங்கே ஒட்டிவைக்கிறேன்.

"1-10-2025 காலை 10.40 முதல் 5-10-2025 மாலை 4.10 வரை சர்வர் ஓடவில்லை. இடி விழவில்லை.

ஏன் நின்றது? நான் பிளக்கைப் பிடுங்கினேன். ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் வைத்தேன்.

ஏன் பிடுங்கினேன்? ஆயுத பூஜையன்று ஆயுதம் ஓடக்கூடாது. பட்டறையில் முப்பத்தெட்டு வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். சர்வர் அப்படி நிறுத்தும் சாமான் இல்லை என்று எனக்குத் தெரியாது.

தெரியாது என்றால் ஏன் வாணியைக் கேட்கவில்லை? எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் மாதிரி என்று வந்த நாளிலிருந்து அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டால் இல்லை என்று ஆகிவிடும்.

ஏன் அப்படிச் சொன்னேன்? படித்தது ஏழாம் வகுப்பு வரை. மோட்டார் கட்டத் தெரியும். ஒரு லட்சம் இல்லை, எத்தனை என்று எண்ணியதில்லை. இருப்பதை இருக்கிறபடி சொன்னால் யாருக்கும் போதாது என்று நினைப்பேன்.

ஏன் அப்படி நினைக்கிறேன் என்று தெரியவில்லை. ஆனால் இது முதல் தடவை இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் என் மகனுக்குப் பெண் பேசியபோது, அவன் மஸ்கட்டில் சொந்தமாகக் கம்பெனி வைத்து நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான் என்று சொன்னேன். அவன் ஏ.சி. மெக்கானிக். நல்ல மெக்கானிக். அது போதுமானதாக இருந்தது. பெண்ணின் மாமா மஸ்கட்டிலேயே இருந்தார். நிச்சயத்தன்று சபையில் அவரிடமிருந்து போன் வந்தது. பெண் வீட்டார் மேல் தப்பில்லை. அவன் மேலும் இல்லை.

இனி நடக்காமல் இருக்க: புதுப் பெட்டியில் 'பூஜைக்கும் தொடாதே' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அன்னூரில் அந்தப் பெட்டிக்கு மட்டும் தனி லைன் இழுத்துவிடுவேன், அது எனக்கு நிஜமாகவே தெரியும்.

நாச்சிமுத்து (மாமா1)"

குழுவில் யாரோ ஒரு சிநேகிதி கும்பிடும் கை போட்டிருந்தாள். இன்னொருத்தி, சந்தனம் வைத்த சர்வர் போட்டோ இருந்தால் அனுப்பச் சொன்னாள். கூலிங்கிடமிருந்து ஒன்றும் இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

டாக்டரிடம் போனேன். கண் நன்றாக ஆறியிருக்கிறது என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

ஒன்பதரைக்கே கட்டையூர் போய்விட்டேன். ஆற்றங்கரையில் பழைய இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து, பம்ப் ரூமுக்கு அஸ்திவாரம் வெட்டினேன். வெட்டிக்கொண்டே இருந்தேன். பத்து. பத்தரை. பதினொன்று. பதினொன்றேகால். வாணி தன் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு மடிக்கணினியைத் தட்டினாள். அவளுக்கு அந்த நேரத்தில் மீட்டிங் உண்டு. போகவில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கூலிங் வந்தான். நேராக அவன் வீட்டு வாசலுக்குப் போய் நின்றான். நானும் போனேன். போர்டுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.

"ரிப்போர்ட் படிச்சேன்" என்று எழுத்து வந்தது.

மைக்கைக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டேன்.

"அதுல ஒரு தப்பு இருக்கு."

"என்ன தப்பு?"

"ஏழாவதுன்னு போட்டிருக்கீங்க. நீங்க ஆறாவதுதான். அம்மா இருந்தப்போ சொல்லியிருக்கு."

வாணி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். ஏழாம் வகுப்பில் ஜூன் மாதம் மட்டும் போனேன்.

"ஆறாவது. அதுதான் சரி. திருத்தச் சொல்கிறேன்" என்றேன்.

ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு:

"அந்தப் போர்டை எடுத்துடுங்க. எனக்கு உள்ள வேலை இருக்கு."

அவன் உள்ளே போய்விட்டான். நான் கம்பத்துக்கு முன்னால் நின்று கட்டையை வெட்டுவதுபோல வெட்டினேன். இரண்டு தடவை கம்பம் மாட்டிக்கொண்டது. மூன்றாவது தடவை போர்டு கழன்று என் பைக்குள் வந்துவிட்டது. இந்த விளையாட்டில் வெட்டியது எதுவும் காணாமல் போகாது, வெட்டியவன் பையில்தான் இருக்கும். வெளியே எறியலாமாம். எறியவில்லை, இருக்கட்டும்.

உள்ளே போனேன். வடக்குச் சுவரில் அவன் என்னமோ செய்துகொண்டிருந்தான். ஜன்னலுக்கு எதிரே இருந்த பக்கத்துச் சுவரில் இரண்டு கட்டைகளை எடுத்துவிட்டிருந்தான். அந்த வழியாக ஆறு தெரிந்தது.

"மண்ணு இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு" என்றேன்.

ஒரு மணிக்கு வாணியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். மஸ்கட் நம்பர். சாப்பிட்டீங்களா என்று கேட்டான். இல்லை என்றேன். என்ன குழம்பு என்றான். தட்டப்பயிறு என்றேன். உப்புப் போட்டீங்களா என்றான்.

அவ்வளவுதான் பேசினோம். மணிக்கணக்கில் எல்லாம் இல்லை. மூன்று நிமிஷம் பதினோரு விநாடி. போனில் பார்த்து எழுதுகிறேன்.